நாற்பதாயிரம் அசல்

வாரத்துக்கு ஒரு கப்பல் செவ்வாயின் செம்புழுதித் துறையில் இறங்கும். கதவு திறந்ததும் முதலில் உள்ளே போகிறவர் மருத்துவர் அல்லர், காவலரும் அல்லர். நூலகர் உலகம்மாள்தான் போவாள். பயணிகள் இரண்டு வரிசையாக நின்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வார்கள். நகலி என்ற எந்திரம் தன் நான்கு கைகளாலும் அவர்களுடைய பெட்டிகளைத் துழாவும். துப்பாக்கி அகப்பட்டால் அதை ஓரமாக வைத்துவிட்டு மேலே தேடும். அது காவலர் பாடு. புத்தகம் அகப்பட்டால் மட்டும் மணி அடிக்கும்.

செவ்வாய்க்குள் வரும் எந்தப் புத்தகமும் நூலகத்துக்குச் சொந்தம் என்பது சட்டம். நகலி அதைப் படியெடுக்கும். அசல் அலமாரிக்குப் போகும், நகல் பயணியின் கைக்கு வரும். காகிதத்தின் பழுப்பு, ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் எறும்பு, பழைய டீக்கறை என்று ஒன்றும் குறையாத நகல். பூமியில் ஏதோ ஒரு பழைய துறைமுக நகரத்து அரசன் தன் நூலகத்துக்காக இப்படித்தான் கப்பல்களைச் சோதனை போட்டுச் சுவடிகளைப் பறித்துக்கொண்டானாம். அவனுக்கு எதிரே கடல் இருந்தது, இவர்களுக்கு எதிரே வெட்டவெளி. மற்றபடி வழக்கம் ஒன்றுதான்.

இப்படி நாற்பது ஆண்டுகளில் நாற்பதாயிரம் அசல் சேர்ந்துவிட்டது. செம்புழுதிக்காரர்களுக்கு ஆறு கிடையாது, அருவி கிடையாது, தேர் ஓடும் வீதி கிடையாது. ஆனால் வெளியூர்க்காரன் எவனாவது கேலி பேசினால், "எங்ககிட்ட நாற்பதாயிரம் அசல் இருக்கு, உங்ககிட்ட என்ன வே இருக்கு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்கள்.

இத்தனை பெருமைக்கும் நடுவில் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் குறையாக நினைக்கவில்லை. அந்த நூலகத்தில் நாற்காலி கிடையாது. எதற்கு நாற்காலி? பிறந்த ஆறாம் மாதமே எல்லாருக்கும் நெற்றிச்சில்லு பதித்துவிடுகிறார்கள். ஒரு புத்தகத்தின் பெயரை மனத்தில் நினைத்தால் போதும், அதன் சாரம் மூன்று வரியில் நெற்றிக்குள் வந்து நிற்கும். ஆகவே செம்புழுதியில் ஒரு புத்தகத்தைத் தெரியாதவர் என்று யாரும் இல்லை. படித்தவர் என்றும் யாரும் இல்லை.

உலகம்மாளே ஒரு புத்தகத்தில் பார்ப்பது ஒரே ஒரு பக்கம்தான். நூலகத் தொழிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. முத்திரையை முதல் பக்கத்தில் மட்டும் குத்தினால் திருடுகிறவன் அதைக் கிழித்தெறிந்துவிடுவான். அதனால் உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு, எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில் இன்னொரு முத்திரை குத்துவார்கள். அதற்கு இரகசியப் பக்கம் என்று பெயர். அது எந்தப் பக்கம் என்று அந்தந்த நூலகத்தாருக்கு மட்டுமே தெரியும். செம்புழுதியின் இரகசியப் பக்கம் முப்பத்து மூன்று. அசலாக இருந்தால் சிவப்பு முத்திரை, நகலாக இருந்தால் நீல முத்திரை. நகலி குறி தவறாமல் முப்பத்து மூன்றைத் திறக்கும், உலகம்மாள் குத்துவாள், நகலி மூடும். முப்பது ஆண்டுகளாக அவள் முதுகு நிமிராமல் செய்த வேலை அது.

அந்த வேலைக்குப் பலன் கிடைக்கும் நாள் நெருங்கியிருந்தது. இன்னும் மூன்று நாளில் கோள்களின் சபை செம்புழுதி நூலகத்துக்கு ‘அசல் நூலகம்’ என்ற பட்டத்தைத் தரப் போகிறது. நிலா நூலகர் மீரானும் அதே பட்டத்துக்கு மனுப் போட்டு, வாக்கெடுப்பில் தோற்றுப் போயிருந்தார். வாசலில் பெயர்ப் பலகை துணி போர்த்தித் தயாராக நின்றது. பட்டம் வெறும் பெருமைக்காக மட்டும் அல்ல. செவ்வாயில் காற்று அளந்து பங்கிடப்படுகிறது. ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் நாள்தோறும் பத்துப் பேராவது மூச்சு விட்டால் அது ‘வாழிடம்’, அதன் காற்றில் யாரும் கைவைக்க முடியாது. நூலகக் குமிழின் வாசலில் இருந்த மூச்சுமானியோ முப்பது ஆண்டுகளாக ஒன்று என்றே காட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒன்று உலகம்மாள். தக்காளிக் குழுத் தலைவி செண்பகவல்லி மாதம் ஒருமுறை வந்து, குமிழுக்குள் எத்தனை பாத்தி போடலாம் என்று நாடாவால் அளந்துவிட்டுப் போவாள். பட்டம் பெற்ற குமிழுக்கு இந்தத் தலைக்கணக்கு கிடையாது, அது கிடைத்துவிட்டால் அந்த நாடாவைச் சுருட்டி வைக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு வந்த கப்பலில் கடைசியாக நின்றவர் அருமைநாயகம். பனிக்கிணறு தோண்டும் வேலைக்கு வந்தவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் பெட்டியில் ஒன்றும் இல்லை.

"கையத் தூக்குங்க அண்ணாச்சி" என்றாள் உலகம்மாள்.

அவர் கையைத் தூக்கியதும் சட்டைக்குள்ளிருந்து ஒரு புத்தகம் நழுவியது. செவ்வாயில் எதுவும் அவசரமாக விழாது. அது தரையைத் தொடுவதற்குள் நகலி இரண்டு கையால் பிடித்துவிட்டது. மணி அடித்தது.

"அது என் புக்கு மேடம்."

"இனிமே எங்க புக்கு. இதே மாதிரி ஒண்ணு உங்களுக்கு வந்துரும்."

"யார் புக்கா இருந்தா என்ன? நாற்பது பக்கம்தான் பாக்கி. கொலைகாரன் யாருன்னு தெரியணும். பன்னிரண்டாம் பக்கத்துல எவனோ பென்சில்ல ‘மருமகன்தான் கொன்றான்’னு எழுதி வச்சிருக்கான். எனக்கு அவன்மேல நம்பிக்கை இல்ல."

"நெத்தியில கேட்டாச் சொல்லிருமே."

"துளை போடுத ஆளுகளுக்குச் சில்ல எடுத்துருவாங்க மேடம். எந்திரம் அதிர்ந்தா சில்லு கழண்டுரும்."

நகல் எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றாள் உலகம்மாள். அவர் தன் காலிப் பெட்டியை மூடிப் பூட்டினார். பிறகு, முப்பது ஆண்டுகளில் யாரும் அவளிடம் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"அதுவரைக்கும் படிக்க வேற ஏதாவது கிடைக்குமா?"

உலகம்மாள் சட்டத்தை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். படிக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. யாராவது படிக்க வருவார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. தன் அசல்களை ஒரு வெளியாளுக்குக் காட்டும் ஆசையும் அவளுக்கு இருந்தது. குமிழுக்குள் அழைத்துப் போய், ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். வாசல் மூச்சுமானி ஒரு சிணுக்கத்துடன் இரண்டுக்கு மாறியது.

அவர் எடுத்தது தேனீ வளர்ப்பைப் பற்றிய புத்தகம்.

"செவ்வாய்ல தேனீயே கெடையாதே அண்ணாச்சி."

"அதான் பாப்பமேன்னு எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் படிக்கத் தொடங்கினார்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மேடம் அக்காவாகிவிட்டாள்.

"அக்கா, ஒன்பதாம் பக்கத்துல நீலமா ஏதோ குத்திருக்கே."

டீக்கறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உலகம்மாள் குனிந்து பார்த்தாள். வட்ட முத்திரை. ‘நகல். நிலா நூலகம்.’

அவள் நம்பவில்லை. பக்கத்து அலமாரியிலிருந்து ஒன்றை உருவி ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தாள். நீலம். இன்னொன்று. நீலம். நகலியைக் கூப்பிட்டு நான்கு கைகளாலும் உருவச் சொன்னாள். நூறு புத்தகம் பார்த்தாகிவிட்டது. நூறிலும் ஒன்பதாம் பக்கத்தில் நிலாவின் முத்திரை, மறைவே இல்லாமல், பளிச்சென்று. நாற்பது ஆண்டுகளில் ஒருவராவது ஒரு புத்தகத்தை எட்டுப் பக்கம் தாண்டிப் புரட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. செய்திப் பலகையைத் தட்டி நிலாவைக் கூப்பிட்டாள்.

"மீரான் அண்ணாச்சி, இது நல்லாருக்கா? நேரே நின்னு தோத்துப் போயிட்டு, முதுகுக்குப் பின்னால முத்திரை குத்திருக்கிய. எங்க அசல் அத்தனையும் எங்க வச்சிருக்கியன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

செவ்வாயிலிருந்து கோபம் நிலாவுக்குப் போய்ச் சேரப் பதினொரு நிமிடம், பதில் திரும்பி வரப் பதினொரு நிமிடம். இருபத்திரண்டு நிமிடம் ஒருவர் முகம் பார்க்காமல் கோபத்தைக் காப்பாற்றி வைப்பது பெரிய பாடு. உலகம்மாள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அருமைநாயகம் படித்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்து மூணுல செவப்பா ‘அசல்’னு குத்திருக்கு அக்கா. ஒன்பதுல நகல்ங்காங்க, இங்க அசல்ங்காங்க. எதை நம்ப?"

அது அவளே தன் கையால் குத்தியது.

மீரானின் முகம் பலகையில் தெரிந்தது. மனுஷர் வெட்கப்படவே இல்லை.

"உலகம்மா, செவ்வாய்ப் பயணியள வானடி நிலையத்துலேயே தூங்க வச்சு அனுப்புதாங்க. நம்ம நிலாவுல எரிபொருளுக்குக் கப்பல் நிக்கும்போது பெட்டியத் திறந்து அசலை எடுத்துக்கிட்டு நகலை வச்சிருவோம். தூங்குத மனுசன எழுப்பிச் சொல்லணுமான்னு விட்டுட்டோம். நீ கவலப்படாதம்மா. அசல் பூரா நிலாவுல பத்திரமா இருக்கு."

அவர் ‘பத்திரமா’ என்று சொன்ன அதே வேளையில் அருமைநாயகம் பக்கத்தைத் திருப்பினார்.

"அக்கா, ஐம்பத்தொண்ணுல இன்னொரு நீலம். ‘நகல். வானடி நூலகம்.’"

உலகம்மாள் சிரித்துவிட்டாள். அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்ததே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நிலாக்காரர் அசல் என்று பூட்டி வைத்திருப்பதும் நகல்தான். அதை அப்படியே படியெடுத்தபோது வானடியின் முத்திரையும் சேர்ந்து படியாகி இங்கே வந்திருக்கிறது. நிலாக்காரரும் தங்கள் ஒன்பதாம் பக்கத்தைத் தாண்டியதில்லை.

"அண்ணாச்சி, உங்க அசல் ஏதாவது ஒண்ண எடுத்து ஐம்பத்தொண்ணாம் பக்கத்தைத் திறந்து பாருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

இந்த முறை பதில் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. மீரான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவரே வானடியைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டார். வானடி என்பது பூமிக்கு மேலே தொங்கும் முதல் நிலையம். அங்கேயும் தூங்குகிறவர்களின் பெட்டியைத் திறக்கிற அதே வழக்கம்தான். அசல் எங்கே என்று கேட்டதற்கு, அங்கே பொறுப்பில் இருந்தவர் இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போலப் பதில் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய நகலி பழைய மாதிரி. தையலைப் பிரித்துத் தாள் தாளாக எடுத்தால்தான் அதற்குப் படியெடுக்கத் தெரியும். இரண்டு நகல் எடுப்பார்கள், பயணிக்கு ஒன்று, நிலையத்துக்கு ஒன்று. பிரித்த தாளைத் திரும்பத் தைக்க யாருக்கு நேரம்?

"அந்தத் தாள என்ன செஞ்சாங்களாம்?" என்று பலகையைப் பார்த்து உலகம்மாள் கேட்டாள். கேட்டது மீரானுக்குப் போய்ச் சேரப் பதினொரு நிமிடம் ஆகும் என்பதை மறந்து கேட்டாள். நல்லவேளை, மீரானே தொடர்ந்து சொன்னார்.

"வானடியில சுண்டல் பொட்டலம் தருவாங்கள்ல உலகம்மா, எழுத்துப் போட்ட நெசக் காகிதத்துல? அதாம்மா."

உலகம்மாளும் தின்றிருக்கிறாள். இருபத்து மூன்று வயதில் செவ்வாய்க்கு வந்தபோது, தூங்க வைப்பதற்கு முன்னால் வானடியில் வாங்கிக் கொடுத்தார்கள். வேறெங்கும் கிடைக்காத நிஜக் காகிதப் பொட்டலம் என்று பெருமையடித்துக்கொண்டு, காகிதத்தில் ஒட்டியிருந்த உப்பைக்கூட வழித்துத் தின்றுவிட்டுக் கசக்கி எறிந்தாள். அதை நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு எரிந்தது. முப்பது ஆண்டுகள் அவள் காவல் காத்தது வெறும் நகலையா? வாசலில் துணி போர்த்தி நிற்கும் பலகையை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நகலி அருகே வந்து நின்றது. எந்திரத்துக்கு மானம் கிடையாது, கணக்கு மட்டும்தான். "இது வெளியே தெரிய வாய்ப்பில்லை. ஒன்பதாம் பக்கம் வரை படிக்கக்கூடியவர் இந்தக் கோளில் ஒருவர்தான். அவரும் நாளை மறுநாள் கிணற்றுக்குப் போய்விடுவார். மூன்று நாளில் பட்டம் வந்துவிடும். பயணியின் நகல் தயார், அசலில் முத்திரை குத்தலாமா?"

கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் உலகம்மாள் நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, வானடியிலயும் நிலாவுலயும் உங்க புக்கை ஒருத்தரும் எடுக்கலியா?"

"எங்க எடுக்க? படிச்சிக்கிட்டே தூங்கிப் போனேன். சட்டைக்குள்ள நெஞ்சு மேல கெடந்தது. எழுப்பினப்பவும் அங்கதான் கெடந்தது."

பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் நெஞ்சைத் திறந்து பார்க்கவில்லை. அப்படியானால் இது ஒன்று அசல்! மூன்று துறைகளில் இலட்சத்துக்கு மேல் நகல் குவிந்து கிடக்க, ஒரே ஓர் அசல் செம்புழுதியில் அவள் கைக்கு வந்திருக்கிறது. ஒன்று போதும். ஒன்று இருந்தாலும் அசல் நூலகம் அசல் நூலகம்தான். நகலியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சிவப்பு முத்திரையைத் தானே எடுத்துக்கொண்டாள். முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் தன் விரலால் திறந்தாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு முத்திரை இருந்தது. வெளிறிப்போன ஊதா நிறம். ‘கிளை நூலகம்’ என்பது மட்டும் தெரிந்தது, ஊர்ப் பெயரைத் தண்ணீர் அழித்திருந்தது. யாரோ ஒரு நூலகர் அங்கேயும் முப்பத்து மூன்றைத்தான் இரகசியமாக வைத்திருந்திருக்கிறார். உலகம்மாள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஒட்டியிருந்த சீட்டில் எழுதியிருந்தது: ‘பதினான்கு நாட்களுக்குள் திருப்பித் தரவும்.’ கடைசியாகக் குத்திய தேதிக்கு இருநூற்று ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். அருமைநாயகம் தலையைச் சொறிந்தார்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் எடுத்தது அக்கா. படிச்சிட்டுத் தாரேன்னு சொல்லிருக்காக. பொறவு அவுக மகன் படிச்சாக, மருமக படிச்சாக. வீட்டுல எல்லாரும் முடிச்ச பொறவு குடுத்துரணும்னுதான் இருக்கோம். நான்தான் கடைசி."

உலகம்மாள் முத்திரையை மேசையில் வைத்தாள். அவள் எத்தனையோ பேரின் புத்தகங்களைப் பிடுங்கியிருக்கிறாள், ஆனால் இன்னொரு நூலகத்தின் புத்தகத்தை அபகரித்தவள் என்ற பேர் மட்டும் வேண்டாம். எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரியாத அந்த நூலகர் அவளுடைய சக ஊழியர். அவருடைய வாசகரின் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து அருமைநாயகத்திடம் கொடுத்தாள். அப்படிக் கொடுக்கும்போதுதான் தான் நூலகர் என்ற நினைப்பே அவளுக்கு முழுசாக வந்தது, பெருமையாகவும் இருந்தது.

அப்புறம் அவள் செய்ததை நகலி எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. செம்புழுதியின் எல்லா நெற்றிகளுக்கும் அறிவிப்பு அனுப்பினாள்: "நம் நூலகத்தில் அசல் ஒன்றுகூட இல்லை. நம்பாதவர்கள் நேரில் வந்து ஒன்பதாம் பக்கத்தையும் ஐம்பத்தொன்றாம் பக்கத்தையும் பார்க்கலாம். வேறு எந்தப் பக்கத்தில் யார் குத்தியிருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்."

ஊரே கொதித்து எழுந்து வந்தது. எங்கள் அசலை நகல் என்று சொல்ல இவள் யார் என்று ஆளுக்கொரு புத்தகத்தை உருவினார்கள். மூச்சுமானி பன்னிரண்டு காட்டியது, அறுபது காட்டியது, மறுநாள் முந்நூறைத் தாண்டியது. ஒன்பதில் நீலத்தைப் பார்த்துத் திட்டினார்கள், ஐம்பத்தொன்றில் நீலத்தைப் பார்த்துத் திட்டினார்கள். அதற்கு மேல் முத்திரை வேட்டை என்று தொடங்கியவர்களுக்குத் திட்ட நேரம் இல்லாமல் போயிற்று. உட்கார இடம் கேட்டார்கள். சபை பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும், ‘அசல் நூலகம்’ பலகையை இரண்டு பெட்டிகளுக்கு மேல் படுக்கப் போட்டு உலகம்மாள் பெஞ்சு ஆக்கினாள். தன் காலத்தில் அவள் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வாள்.

நாடாவோடு வந்த செண்பகவல்லி நாடாவை ஒரு குடும்பக் கதையின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளமாக வைத்திருந்தாள்.

"என்ன தாயி, முத்திரை அகப்பட்டுச்சா?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"சும்மா இரிங்கக்கா, இப்பதான் பொண்ணு பாக்க வாராங்க."

நாடா அதற்குப் பிறகு தக்காளிப் பக்கம் போகவே இல்லை. வாழிடத்தின் காற்றில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

கிணற்றுக்குப் புறப்படும் நாளில் அருமைநாயகம் தேனீப் புத்தகத்தோடு வந்து நின்றார். முடிக்கவில்லையாம், கொண்டுபோகலாமா என்று கேட்டார். உலகம்மாள் ஒரு சீட்டை வெட்டி, ‘பதினான்கு நாட்களுக்குள் திருப்பித் தரவும்’ என்று தன் கையெழுத்தில் எழுதி, கடைசிப் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தாள். செவ்வாயிலிருந்து இரவல் போன முதல் புத்தகம் அது.

பதினைந்தாம் நாள் புத்தகம் வரவில்லை. இருபதாம் நாளும் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பியாகிவிட்டது என்று நகலி சொன்னது. இருபத்தோராம் நாள் கிணற்றிலிருந்து பதில் வந்தது: "அக்கா, கொன்னது மருமகன் இல்ல, அந்தப் பென்சில்காரன் பொய்யன். தேனீப் புக்கு எங்க கிணத்தாளுக நாலு பேரு கை மாறி இருக்கு. படிச்சிட்டுத் தாரேன்."

"இதை இழப்பு என்று பதியட்டுமா?" என்று நகலி கேட்டது.

உலகம்மாள் அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். நாற்பதாயிரத்தில் ஒன்று குறைந்திருந்தது. ‘படிச்சிட்டுத் தாரேன்’ என்ற வார்த்தைக்கு அந்தக் குடும்பத்தில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"பத்திரம்னு பதி" என்றாள். "இன்னும் இருநூறு வருஷத்துக்கு அதுக்கு ஒரு குறையும் வராது."